கோடை இடிமழையைக் கணிப்பதும் பின்தொடர்வதும்: வட தமிழகத் தன்னார்வலருக்கான முழு வழிகாட்டி

அமெரிக்கச் சமவெளிகளில் ‘ஸ்டார்ம் சேஸிங்’ என்றால் டொர்னாடோவைத் தேடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வண்டி ஓட்டுவது. நம் பக்கம் அந்த வேலைக்கு வேறு முகம். மே முதல் செப்டம்பர் வரை, மதியத்தில் ஜவ்வாது மலை, ஏலகிரி, திருப்பதி மலைகளின் மேல் முளைக்கும் இடிமேகங்கள் மாலையில் ராணிப்பேட்டை, காஞ்சிபுரம், திருவள்ளூர் வழியாக இறங்கி, சில நாள் இரவில் சென்னையைத் தொடுகின்றன; பல நாள் ஸ்ரீபெரும்புதூரோடு அடங்கிவிடுகின்றன. இணையத்தில் ‘டமால் டுமீல்’ என்று செல்லமாகச் சொல்வது இந்த வெப்பச்சலன மழையைத்தான். ஆயுள் குறைவு, பரப்பும் குறைவு. ஆனால் மின்னல் ஆளைக் கொல்லும், சூறைக்காற்று மரத்தைச் சாய்க்கும்.

புயலைக் கணிக்க நாட்கணக்கில் அவகாசம் உண்டு, உலகமே அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். இடிமழைக்கு அவகாசம் சில மணி நேரம்தான். இரண்டு வானிலை நிலையங்களுக்கு நடுவில் 15 கி.மீ. அகலத்தில் ஒன்று கொட்டிவிட்டுப் போனால் எந்தப் பதிவேட்டிலும் அது ஏறாது. தன்னார்வலரின் இடம் அங்கேதான் இருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி கணினித் திரையில் தொடங்காமல் மழைமானியில் தொடங்குகிறது.

படி 1: முதலில் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சொந்தமாக ஒரு மழைமானி வைக்காமல் கணிப்பு எழுத இறங்காதீர்கள். சொன்னது நடந்ததா என்று அளந்து பார்க்க வழியில்லாத கணிப்பு வெறும் பேச்சு.

விலைக்கு வாங்க முடியாவிட்டால் நீங்களே செய்துகொள்ளலாம். வாய் வட்டமாக, உள்விட்டம் 11.3 செ.மீ. உள்ள புனல் ஒன்று தேடுங்கள். அதன் பரப்பு 100 சதுர செ.மீ. வரும், அப்போது சேர்ந்த தண்ணீரில் 10 மில்லி என்பது 1 மி.மீ. மழை. வேறு அளவுப் புனல் கிடைத்தாலும் பரவாயில்லை: மில்லியைப் பரப்பால் வகுத்து 10-ஆல் பெருக்குங்கள். 16 செ.மீ. புனலுக்குப் பரப்பு 201; 1 மி.மீ. மழைக்கு 20 மில்லி. தண்ணீரை மருந்துக்கடை சிரிஞ்சாலோ ஆய்வகக் கண்ணாடிக் குவளையாலோ அளங்கள். பால் அளக்கும் குவளையில் 5 மில்லி இப்படி அப்படி போய்விடும்.

புனலுக்குக் கீழே 2 லிட்டர் கேன் போதும் என்று தோன்றும். 100 சதுர செ.மீ. புனலுக்கு அது 200 மி.மீ. வரைதான் தாங்கும். 2023 ஜூன் 19 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் 16 செ.மீ. அளவுக்குப் பெய்தது, ஜூன் மாதத்தில் மழைக்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். வடகிழக்குப் பருவமழைக்கும் அதே மானிதான் என்றால் 5 லிட்டர் கேனாக வையுங்கள்.

மானியின் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், சமமட்டமாக இருக்க வேண்டும். பக்கத்துச் சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரு மடங்கு தள்ளி வையுங்கள். மொட்டைமாடிதான் கதி என்றால் கைப்பிடிச் சுவர் 1 மீட்டர் உயரம் இருக்கும். அதிலிருந்து குறைந்தது 2 மீட்டர் உள்ளே. தண்ணீர்த் தொட்டியின் மறைவில் வைத்துவிட்டு ‘எங்கள் பகுதியில் மழை குறைவு’ என்று பதிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. மேற்கிலிருந்து சாய்ந்து வரும் மழையைத் தொட்டி முழுக்க மறைத்துவிடும்.

வீட்டுத் தானியங்கி நிலையம் வைத்திருப்பவர்களும் பக்கத்தில் இந்தச் சாதாரண மானியை வையுங்கள். தானியங்கியில் உள்ள கவிழும் கிண்ணம், மழை கடுமையாகக் கொட்டும்போது கவிழும் நேரத்தில் விழும் தண்ணீரைத் தவறவிடும், கணக்கு குறையும். எறும்பும் சிலந்தியும் கிண்ணத்துக்கு அடியில் குடியேறிவிட்டால் பூஜ்யம் காட்டிக்கொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை திறந்து துடையுங்கள்.

காலை 8.30-க்கு அளந்து கொட்டிவிடுங்கள். இந்தியாவில் மழைக் கணக்குக்கு ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. நள்ளிரவுக் கணக்கு வைத்தால் உங்கள் எண்ணை வானிலை ஆய்வு மையத்தின் எண்ணோடு ஒப்பிடவே முடியாது. 2.5 மி.மீ.யும் அதற்கு மேலும் பெய்தால்தான் அது மழைநாள்.

படி 2: காலை பலூனைப் படியுங்கள்

மீனம்பாக்கத்தில் நாள்தோறும் வானிலை பலூன் பறக்கிறது; உலக நிலைய எண் 43279. காலை 5.30 மணிக்குரிய தரவு பெரும்பாலும் 8 மணிக்குள் வயோமிங் பல்கலைக்கழகத்தின் தளத்தில் ஏறிவிடும். சில நாள் ஏறாது. அப்போது காரைக்காலை, 43346, எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருபவர்கள் நேரே கேப் எண்ணுக்குத் தாவுகிறார்கள். கேப் என்பது மேலெழும் காற்றுக்குக் கிடைக்கக்கூடிய ஆற்றல். நம் பகுதியில் கோடையில் அது 2000, 3000 என்று சாதாரணமாகக் காட்டும். காட்டியும் ஒரு துளி விழாத நாட்கள் ஏராளம். அந்த ஆற்றலைத் திறந்துவிட ஏதாவது வேண்டும். அதனால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் ஈரம். தரையிலிருந்து 1 கி.மீ. வரை பனிநிலை வெப்பம், அதாவது காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 22 டிகிரிக்கு மேல் நிற்கிறதா? வளிமண்டலம் முழுவதையும் பிழிந்தால் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லும் பிடபிள்யூ எண் 50 மி.மீ.யைத் தாண்டுகிறதா? தாண்டினால் பரவலான மழைக்கு வாய்ப்பு. 40-க்குக் கீழே இருந்தால் முளைக்கும் மேகமும் பாதியில் காய்ந்துவிடும்.

அடுத்து மூடி, அதாவது கீழிருந்து எழும் காற்றை மேலே போக விடாமல் தடுக்கும் சூடான அடுக்கு. காற்றழுத்தம் 850 ஹெக்டாபாஸ்கலாக இருக்கும் மட்டத்தின் வெப்பநிலையைப் பாருங்கள். அது தரையிலிருந்து ஏறத்தாழ 1.5 கி.மீ. உயரம். அதனோடு 15-ஐக் கூட்டினால் கடலோரத்தில் மூடி உடையத் தேவையான பகல் வெப்பம் தோராயமாகக் கிடைக்கும். 850-இல் 22 டிகிரி என்றால் தரையில் 37 டிகிரி. 25 டிகிரி என்றால் 40 வரை சூடேற வேண்டும். வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே 13-ஐக் கூட்டினால் போதும். இந்தக் கூட்டலை நாள்தோறும் கையால் போடுங்கள். ஒரு மாதத்தில் காலையிலேயே மதியத்தைப் பற்றி ஒரு பிடி கிடைத்துவிடும்.

மூன்றாவது, காற்றுத் திசை. 700 மட்டத்துக்கும் 500 மட்டத்துக்கும் (ஏறத்தாழ 3 முதல் 6 கி.மீ. உயரம்) இடையிலுள்ள காற்றின் சராசரிதான் மேகத்தை நகர்த்தும் ஸ்டீரிங். அது மேற்கு அல்லது வடமேற்காக 10 முதல் 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.) இருந்தால் உள்மாவட்ட மேகம் கடற்கரை நோக்கி வரும். 5 நாட்டுக்குக் கீழே என்றால் மேகம் முளைத்த இடத்திலேயே நின்று கொட்டும். அங்கே வெள்ளம், பக்கத்து ஊரில் வெயில். 200 மட்டத்துக்கு (ஏறத்தாழ 12 கி.மீ. உயரம்) மேலே ஜூன் முதல் கிழக்குக் காற்று பலமாக வீசும். இடிமேகத்தின் உச்சி மேற்கே இழுபட்டுப் பரவ, அடிப்பாகம் கிழக்கே நகரும். சென்னையிலிருந்து பார்ப்பவருக்கு முன்கூட்டியே வானம் மூடாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். மேற்கில் மின்னல் வெட்டுவதுதான் முதல் தகவல்.

கடைசியாக, 700-க்கும் 500-க்கும் நடுவில் வறண்ட அடுக்கு இருக்கிறதா? இருந்தால் மழைத்துளி அதில் ஆவியாகிக் காற்றைக் குளிர்வித்துக் கீழே தள்ளும். மழை அளவு குறைவாகவும் சூறைக்காற்று அதிகமாகவும் இருக்கும் நாள் அது. கணிப்பில் காற்றை முன்னால் எழுதுங்கள்.

படி 3: மாடலில் நிறத்தைப் பார்க்காதீர்கள், காற்றைப் பாருங்கள்

மாடல் என்பது வானிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரல். விண்டி தளத்தில் ஐரோப்பிய மாடலான இசிஎம்டபிள்யூஎஃப் 9 கி.மீ. கட்டத்தில் கிடைக்கிறது. அமெரிக்க ஜிஎஃப்எஸ் ஏறத்தாழ 13 கி.மீ.; ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடும். இந்தியாவின் பாரத் முன்னறிவிப்பு அமைப்பு 2025 மே மாதம் தொடங்கியது, 6 கி.மீ. கட்டம். ஓர் இடிமேகத்தின் மேலெழும் தூண் சில கிலோமீட்டர்தான். அதனால் இவை எதுவும் மேகத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை, ‘இந்தச் சூழலில் இவ்வளவு பெய்யக்கூடும்’ என்று கணக்குப் போடுகின்றன. மழை வரைபடத்தில் காஞ்சிபுரத்தின் மேல் சிவப்பு விழுந்திருந்தால் அதைக் காஞ்சிபுரம் என்று படிக்காமல் ‘இந்த வட்டாரத்தில் எங்காவது’ என்று படியுங்கள்.

மாடலில் நம்பிப் பார்க்க வேண்டியது 925, 850 மட்டக் காற்று. மேற்குக் காற்றும் கடற்காற்றும் எந்தக் கோட்டில், எத்தனை மணிக்கு மோதுகின்றன என்று பாருங்கள். அந்தக் காற்று குவியும் கோடும் பிடபிள்யூ 50-க்கு மேலுள்ள பகுதியும் ஒன்றின் மேல் ஒன்று விழும் இடத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாடலும் ஒரே இடத்தைக் காட்டினால் நம்பிக்கையைக் கூட்டலாம். இசிஎம்டபிள்யூஎஃப் ஒன்றும் ஜிஎஃப்எஸ் ஒன்றும் சொல்லும்போது, அதிக மழை காட்டும் படத்தை மட்டும் எடுத்துப் பகிர்வது நாணயமான வேலை இல்லை.

படி 4: கணிப்பை 11 மணிக்குள் எழுதிவிடுங்கள்

மேகம் முளைப்பதைப் பார்த்துவிட்டு எழுதினால் அது வெறும் நேரலை. வட்டாரம், நேரம், விழுக்காடு மூன்றும் இருக்க வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

ராணிப்பேட்டை, மேற்குத் திருவள்ளூர்: மாலை 4 முதல் 7 வரை, 60 விழுக்காடு.
காஞ்சிபுரம்: மாலை 6 முதல் 9 வரை, 50 விழுக்காடு.
சென்னை மேற்குப் புறநகர்: இரவு 8 முதல் 11 வரை, 35 விழுக்காடு.
கடலோரச் சென்னை: இரவு 9 முதல் 12 வரை, 25 விழுக்காடு. காற்று மணிக்கு 50 கி.மீ. வரை வீசலாம்.

வானிலை ஆய்வு மையத்தின் சொற்களைக் கையாளுவதாக இருந்தால் அவற்றின் பொருளோடு கையாளுங்கள். ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்த வட்டாரத்து நிலையங்களில் 25 விழுக்காடு வரை மழை. ‘சில இடங்களில்’ 26 முதல் 50. ‘பல இடங்களில்’ 51 முதல் 75. ‘பெரும்பாலான இடங்களில்’ அதற்கும் மேல். கனமழை என்பது 64.5 முதல் 115.5 மி.மீ.; மிக கனமழை 204.4 வரை, அதற்கு மேல் அதி கனமழை. ஒரு மணி நேரம் அடித்துப் பெய்து 35 மி.மீ. பதிவானால் தெருவில் வெள்ளம் ஓடலாம், ஆனால் அது கனமழைக் கணக்கில் சேராது. ‘பேய்மழை’, ‘வெளுத்து வாங்கும்’ போன்றவற்றைக் கணிப்பில் எழுதாதீர்கள். அளக்க முடியாததைச் சரிபார்க்கவும் முடியாது.

படி 5: மதியம் கடற்காற்றுக்குக் காத்திருங்கள்

நாளின் திருப்பம் இதுதான். மீனம்பாக்கம் விமான நிலையத்தின் அரைமணி அறிக்கையைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். விஓஎம்எம் என்ற குறியீட்டில் தேடினால் வரும். காலை 10 மணிக்குக் காற்று 270 டிகிரியிலிருந்து, அதாவது மேற்கிலிருந்து, வீசும்; வெப்பநிலை 36, பனிநிலை 21 என்று இருக்கும். ஏதோ ஓர் அறிக்கையில் திசை 110 என்று மாறும். வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரி இறங்கும், பனிநிலை 25, 26-க்கு எகிறும். கடற்காற்று உள்ளே வந்துவிட்டது.

அது எத்தனை மணிக்கு வந்தது என்பதை வைத்து மாலையை மறுபடி எடை போடுங்கள். 11.30-க்கே வந்துவிட்டால் சென்னை அதிகம் சூடாகவில்லை; கடலோரத்தில் குளிர்ந்த, கனத்த காற்று தடிமனாகப் படிந்துவிடும். உள்ளே முளைக்கும் மேகம் இரவில் இந்தப் பரப்புக்குள் நுழைந்ததும் மூச்சு வாங்கும். மேற்குக் காற்று முரட்டுத்தனமாகத் தள்ளி, கடற்காற்றை 2.30, 3 மணி வரை வெளியே நிறுத்தினால் மோதும் கோடு நகரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். அன்றைக்கு வெயில் வாட்டி எடுக்கும். மேகமும் நகரத்தின் வாசலிலேயே முளைக்கும். சென்னை நனைவதற்கான நல்ல நாள் அதுதான். கடற்காற்று வரவே இல்லை என்றால் ஈரம் போதாது. பெரும்பாலும் காய்ந்த நாள்.

இந்நேரத்தில் இன்சாட் செயற்கைக்கோள் படங்களையும் புரட்டுங்கள். மலைகளின் மேல் 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் காலிஃபிளவர் போலத் திரளும் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். புள்ளியின் ஓரம் கூர்மையாக இருந்தால் வளர்கிறது. பஞ்சுபோல் கலைந்தால் மேலே போய் அடங்குகிறது.

படி 6: ரேடாரை அதன் குறையோடு படியுங்கள்

சென்னைத் துறைமுகம், பள்ளிக்கரணை, ஸ்ரீஹரிகோட்டா, காரைக்கால் ரேடார்களின் படம் கிடைக்கும். எது வேலை செய்கிறது என்று காலையிலேயே பார்த்துவிடுங்கள். படத்தில் உள்ள நேரம் யுடிசி எனும் உலகப் பொது நேரம், இந்திய நேரத்துக்கு 5.30 மணியைக் கூட்டுங்கள். இதை மறந்து ‘இப்போது வேலூரில்’ என்று எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நிறங்கள் டிபிஇசட் அளவு, அதாவது மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் ரேடார் எதிரொலியின் வலிமை. தோராயமாக 30 என்றால் மணிக்கு 3 மி.மீ. மழை, 40 என்றால் 12, 50 என்றால் 50. பத்துப் பத்தாக ஏறும்போது மழை நான்கு மடங்காகிறது. 55-க்கு மேல் போனால் ஆலங்கட்டி கலந்திருக்கலாம். அதை மழை அளவாக மாற்றாதீர்கள்.

ரேடார் கதிர் தூரம் போகப் போகத் தரையைவிட்டு உயரும். 0.5 டிகிரி சாய்வில், 50 கி.மீ. தூரத்தில் 600 மீட்டர். வேலூர் தூரத்தில் 2 கி.மீ.; திருப்பத்தூர் தூரத்தில் 4 கி.மீ. ஆகவே திருப்பத்தூரில் நாம் பார்ப்பது மேகத்தின் இடுப்புக்கு மேலே மட்டும். தரையில் என்ன விழுகிறது, காற்று எப்படி அடிக்கிறது என்று அங்கே நிற்பவர்தான் சொல்ல முடியும். அந்தப் பக்கத்துத் தன்னார்வலர்களின் தகவலுக்குச் சென்னைவாசிகளின் தகவலைவிட மதிப்பு அதிகம்.

வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட, அரைமணி இடைவெளியில் இரண்டு படம் எடுங்கள். மேகத்தின் முன்விளிம்பு ரேடாரிலிருந்து 110 கி.மீ. தூரத்திலிருந்து 92 கி.மீ.க்கு வந்திருந்தால் வேகம் மணிக்கு 36. நீங்கள் அதே பாதையில் ரேடாரிலிருந்து 40 கி.மீ. தொலைவில் நின்றால் மீதி 52 கி.மீ.; 1 மணி 27 நிமிடம். படம் 12 நிமிடம் பழையது என்றால் 1 மணி 15 நிமிடம்தான் கையில் இருக்கிறது. இந்தக் கழித்தலைச் செய்யாதவர்கள்தான் மழையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மேகத்துக்கு முன்னால் 10 முதல் 20 டிபிஇசட்டில் வில் போல வளைந்த மெல்லிய கோடு தெரிந்தால், அது மேகம் கக்கிய குளிர்காற்றின் முகப்பு. மழைக்கு 10, 20 கி.மீ. முன்னாலேயே ஓடி வரும். அது கடற்காற்றுக் கோட்டோடு மோதும் இடத்தில் 20, 30 நிமிடத்தில் புதிய மேகம் வெடிக்கும். பழைய மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் புதியது தலைக்கு மேல் வந்துவிடும். முகப்பு மேகத்தைவிட்டு வெகுதூரம் முன்னால் ஓடிவிட்டால் அந்த மேகத்துக்கு இனி தீனி இல்லை; அரைமணியில் அடங்கும்.

படி 7: பின்தொடர்வது

மேகம் உங்களிடம் வருகிறது. நீங்கள் அதைத் தேடி வேலூர் வரை ஓட வேண்டாம். அதன் பாதையைக் கணித்து, முன்னால் போய்ப் பக்கவாட்டில் நில்லுங்கள்.

இருவர் கட்டாயம்: ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்க வேண்டும், மற்றவர் ரேடாரை. தனியாகப் போகாதீர்கள். இருசக்கர வாகனத்தில் போகவே போகாதீர்கள். மின்னலுக்கும் சூறைக்காற்றுக்கும் முறிந்து விழும் கிளைக்கும் அதில் மறைவு இல்லை. கார் இல்லையென்றால் வீட்டு ஜன்னலிலிருந்து கவனித்து அளந்து சொல்லுங்கள். அந்தத் தகவலின் தரம் எந்த வகையிலும் குறைவில்லை.

வண்டியில் முழு எரிபொருள், நல்ல வைப்பர், முதலுதவிப் பெட்டி, டார்ச், சார்ஜர், ஒரு மீட்டர் ஸ்கேல், மூடியுள்ள சிறிய டப்பா, புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் (ஐஐடிஎம்) வெளியிட்ட தாமினி செயலி. செயலி உங்களைச் சுற்றி 20, 40 கி.மீ.க்குள் விழும் மின்னலைக் காட்டும். செல்போன் சிக்னல் போய்விடும் என்று எண்ணிச் சாலை வரைபடத்தை இறக்கி வையுங்கள்.

நிற்கும் இடத்துக்கு இரண்டு தகுதி வேண்டும்: மேற்கே திறந்த வானம், வடக்கிலோ தெற்கிலோ தப்பிக்க ஒரு சாலை. மேகத்தின் கனமழைப் பகுதி 10, 15 கி.மீ. அகலம்தான். கிழக்கே ஓடினால் அது துரத்திக்கொண்டே வரும். பக்கவாட்டில் போனால் 20 நிமிடத்தில் விலகிவிடலாம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் நிற்பவர்களுக்குக் காஞ்சிபுரத்திலிருந்து அரக்கோணம் பக்கமும் செங்கல்பட்டுப் பக்கமும், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து திருவள்ளூர்ப் பக்கமும் சாலை உண்டு. மேகம் வரும் முன்பே எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவு செய்யுங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். மழையில் பின்னால் வரும் லாரிக்கு உங்கள் வண்டி தெரியாது. பெட்ரோல் பங்க் வளாகமோ உணவகத்தின் நிறுத்துமிடமோ பாருங்கள்.

ஏரிக்கரையில் காட்சி அருமையாக இருக்கும். மின்னலுக்கு அதைவிட வசதியான இடமும் இல்லை. ஆகவே கணக்கு இது: மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணுங்கள். 3 வினாடிக்கு 1 கி.மீ. 30 வினாடிக்குள் கேட்டால் 10 கி.மீ.க்குள் வந்துவிட்டது; முக்காலியை மடக்கிக் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை இறங்காதீர்கள். மழை நின்றதும் இறங்கிப் படம் எடுக்கும்போதுதான் ஆபத்து. மேகத்தின் பின்பகுதியிலிருந்தும் மின்னல் விழும்.

சாலையில் தண்ணீர் ஓடினால் திரும்புங்கள். 15 செ.மீ. ஓட்டம் ஆளைச் சாய்க்கும், 30 செ.மீ. சிறிய காரை நகர்த்தும். சுரங்கப்பாதைக்குள் போகவே கூடாது. அறுந்து கிடக்கும் மின்கம்பியைப் பார்த்தால் கிட்டப் போகாமல், மற்றவர்களையும் நிறுத்தி, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லுங்கள்.

படி 8: பார்த்ததைச் சொல்லும் முறை

‘செம காத்து’ என்பது தகவல் ஆகாது. இடம், இந்திய நேரம், என்ன, எப்படி அளந்தது என்ற நான்கையும் சொல்லுங்கள். காற்றுமானி இல்லையென்றால் மரத்தைப் பாருங்கள்: முழு மரமும் ஆடினால் மணிக்கு 50 முதல் 61 கி.மீ.; சிறு கிளைகள் முறிந்து விழுந்தால் 62 முதல் 74; மரம் வேரோடு சாய்ந்தால் 90-ஐ ஒட்டி. வேர் அழுகிய மரமும் தண்ணீர் ஊறிய மண்ணும் குறைந்த காற்றிலேயே சாய்க்கும் என்பதால் அடிமரத்தையும் ஒரு படம் எடுங்கள்.

ஆலங்கட்டி உள்மாவட்டங்களில் அவ்வப்போது விழும். விழுந்ததும் பெரியதை எடுத்து ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். உள்ளங்கையில் வைத்து எடுத்தால் உருகிச் சிறுத்துவிடும், அளவும் தெரியாது. ஸ்கேல் இல்லாவிட்டால் பத்து ரூபாய் நாணயம், அதன் விட்டம் 27 மி.மீ. உடனே தூக்க முடியாவிட்டால் டப்பாவில் போட்டு மூடுங்கள்.

உயிராபத்து என்றால் சமூக வலைதளத்துக்கு முன்னால் 112, அல்லது மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

எச்சரிக்கை விடுக்கும் பொறுப்பு வானிலை ஆய்வு மையத்துக்கும் மாநிலப் பேரிடர் மேலாண்மைக்கும் உரியது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்களை நீங்கள் சொந்தமாக அறிவிக்காதீர்கள், மக்கள் குழம்பிப்போவார்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் 54-ஆம் பிரிவின்படி, பீதியைக் கிளப்பும் பொய் எச்சரிக்கைக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ உண்டு. பழைய படத்தை இன்றைய படமாகப் பகிர்வதும் மக்களைத் தவறான பக்கம் ஓட வைக்கும். படத்தின் மேலேயே தேதியும் நேரமும் எழுதிவிடுங்கள்.

படி 9: மறுநாள் காலை கணக்குத் தீர்ப்பது

8.30-க்கு மானியை அளந்ததும், நேற்று 11 மணிக்கு எழுதிய கணிப்பின் பக்கத்தில் எண்ணை எழுதுங்கள். உங்கள் இடத்தில் 2.5 மி.மீ. வந்ததா, இல்லையா என்று மட்டும். ‘பக்கத்தில் பெய்தது’ என்று மதிப்பெண் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஒரு பருவத்தில் 20 நாள் ‘வரும்’ என்றீர்கள், 12 நாள் வந்தது; சொல்லாமல் வந்தது 6 நாள் என்று வைத்துக்கொள்வோம். பெய்த 18 நாளில் 12-ஐப் பிடித்தீர்கள்: 67 விழுக்காடு. சொன்ன 20-இல் 8 பொய்த்தது: 40 விழுக்காடு. இரண்டையும் சேர்த்தே வெளியிடுங்கள். நாள்தோறும் ‘மழை வரும்’ என்று எழுதினால் முதல் எண் 100 ஆகிவிடும். இரண்டாவது எண்தான் காட்டிக்கொடுக்கும்.

விழுக்காட்டில் எழுதியதற்கு இன்னொரு சோதனை. 30 விழுக்காடு என்று எழுதிய நாட்களையெல்லாம் தனியாக எடுங்கள். அவற்றில் பத்துக்கு மூன்று நாள் பெய்திருக்க வேண்டும். பத்துக்கு ஆறு பெய்திருந்தால் நீங்கள் பயந்து பயந்து எழுதுகிறீர்கள். ஒன்றுதான் என்றால் ஆசையில் எழுதுகிறீர்கள். மழைக்காக ஏங்கும் ஊரில் இரண்டாவதுதான் பலருக்கும் நேரும்.

பொய்த்த நாட்களுக்குக் காரணத்தையும் ஒரு வரி எழுதுங்கள்: கடற்காற்று சீக்கிரம் வந்தது, ஸ்டீரிங் தெற்கே திரும்பியது, பிடபிள்யூ 43-தான், மேகமூட்டத்தால் வெப்பம் 34-ஐத் தாண்டவில்லை. இரண்டு பருவத்துக்குப் பிறகு உங்கள் ஊருக்கான எல்லை எண்கள் அந்த ஏட்டிலிருந்தே தெரியவரும். மேலே சொன்ன 50, 15, 10 நாட் எல்லாம் தொடங்குவதற்கான எண்களே. திருத்தணிக்குப் பொருந்துவது தாம்பரத்துக்குப் பொருந்தாது.

அக்டோபர் நடுவில் காற்று கிழக்குக்குத் திரும்பும். மேகம் கடலிலிருந்து வரும், விடியற்காலையிலும் பெய்யும். 850 வெப்பநிலைக் கூட்டலும் கடற்காற்று நேரமும் உதவாது. அந்தப் பருவத்தின் நாட்களை இந்தக் கணக்கோடு கலக்காமல் வேறு ஏட்டில் எழுதுங்கள். மழைமானியை மட்டும் இடம் மாற்றாமல் அதே இடத்தில் வைத்திருங்கள்.